கட்டம் போட்ட எழுத்துகள்

"மக்கா, எழுத்து ஒண்ணையும் காணல்லியே. கட்டம் கட்டமாட்டுல்லா வருது. இது என்ன, லுங்கி வியாபாரமா?"

2010ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், இரணியலில் மாமா வீட்டுத் திண்ணையில் வைத்து நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் ஐம்பதாண்டுக்கும் மேலாகக் குழித்தறியில் அமர்ந்து வேட்டியும் துவர்த்தும் நெய்தவர். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956ஆம் ஆண்டிலேயே, பதின்மூன்று வயதுப் பையனாக, தறியில் கால் வைத்ததாகச் சொல்வார். கட்டம் என்ற சொல் அவருக்குத் துணியில் விழும் கட்டத்தைத்தான் குறிக்கும். ஆகவே கேலி அவருக்கு இயல்பாகவே வாய்த்தது. தமிழ் முதுகலை முடித்துக் கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த நமக்கோ விடை வாய்க்கவில்லை.

மாமா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய தலைமுறையில் பலரைப் போல, வாசகசாலையில் வளர்ந்தவர். தறிக்குழியின் ஓரத்தில் ஒரு புத்தகம் எப்போதும் குப்புறக் கிடக்கும்; தார் மாற்றும் இடைவேளையில் இரண்டு பக்கம் நகரும். நாம் தமிழ் படிக்கச் சென்றதற்கு அந்தக் குப்புறக் கிடந்த புத்தகங்களே காரணம் என்பதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்தான். 2009இல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின் தறியும் போயிற்று, நூலகத்துக்கு நடப்பதும் போயிற்று. வீட்டிலிருந்து நூலகம் முக்கால் கிலோமீட்டர். இடையில் பழைய அரண்மனையின் மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பத்மநாபபுரத்துக்கு முன் வேணாட்டரசர்கள் இருந்த அரண்மனை அது. பல பத்தாண்டுகளாகக் கூரை சரிந்து, மரம் முளைத்துக் கிடந்தது. "ராசாவுக்க கொட்டாரமும் நானும் ஒருபோல கெடக்கோம்" என்பார் மாமா.

மஸ்கட்டில் இருந்த மகன் அவருக்கொரு கைப்பேசி அனுப்பியிருந்தான். விசைப்பொத்தான்கள் உடையது. திரை தீப்பெட்டியினும் சற்றே பெரியது. அதில் இணையம் வரும் என்றும், இணையத்தில் இப்போது தமிழ் எழுத்தாளர்கள் நேரடியாகவே எழுதுகிறார்கள் என்றும் நாம்தான் ஒருமுறை பெருமையாகச் சொல்லிவைத்தோம். அதை நம்பி அவர் திறந்து பார்த்ததில்தான் கட்டங்கள் வந்தன.

அந்தக் கட்டங்களின் கதையைச் சற்றுப் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். 1990களின் இறுதியில் இணையத்தில் தமிழ் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுதும் இலத்தீன் எழுத்துக் குப்பை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளைத் தந்தது. வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகளும் திஸ்கியில்தான் இருந்தன. பின்னர் ஒருங்குறி பரவியது. எ-கலப்பையும் தமிழ்மணமும் வந்தன, எல்லாரும் எழுதத் தொடங்கினர். கணினியைப் பொறுத்தவரை 2004, 2005 வாக்கில் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கைப்பேசியில் தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்பது இலக்கணம் அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். நம் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. ஒருங்குறி அத்தனைக்கும் தனித்தனி இடம் தரவில்லை. உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கொம்பு, கால், சுழி முதலிய குறிகளுக்கும், புள்ளிக்குமே இடம் தந்தது. மற்றவற்றைக் கருவிதான் கூட்டிக்கொள்ள வேண்டும். 'கொடி' என்று எழுதினால் கணினியின் நினைவில் முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி, பிறகு டகரம், இகரக் குறி. ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒற்றைக் கொம்பை ககரத்தின் முன்னும் காலை அதன் பின்னும் நிறுத்துவது எவர் வேலை? எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. அது இல்லாத கருவியில் எழுத்துரு இருந்தாலும் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும்; எழுத்துருவே இல்லாத கருவியில் கட்டம்தான். அக்காலத்து ஜாவாக் கைப்பேசிகள் பலவற்றில் இரண்டுமே இல்லை. பிற்காலத்தில் உலகெங்கும் திறந்த மென்பொருள்களில் இவ்வேலையைச் செய்துவருவது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல். 'திறந்த எழுத்து' என்று பொருள்படும் பாரசீகச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரசீகப் பெயருடைய ஒரு பொருள் நம் ஒற்றைக் கொம்பை இடம் பார்த்து நிறுத்தித் தருகிறது என்பது வகுப்பில் சொல்லத் தக்க செய்தி.

மாமாவின் கேள்விக்கு விடையை நம் மாணவன் ஒருவன்தான் சொன்னான். முதுகலை இரண்டாமாண்டு, வகுப்பில் பின்வரிசை, புறநானூற்றை விடக் கைப்பேசியே அவனுக்கு அணுக்கம். "ஐயா, ஓபரா மினி இறக்குங்க. முகவரி அடிக்கிற இடத்துல ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் அப்படின்னு அடிங்க. ஒரு பட்டியல் வரும். கடைசிப் பக்கமா, சிக்கலான எழுத்துமுறைக்குப் பட எழுத்துரு வேணுமான்னு கேக்கும். ஆமான்னு மாத்திச் சேமிச்சிருங்க."

அன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் எத்தனையோ பேர் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பிய வித்தை அது என்று பின்னரே அறிந்தோம். கைமருந்து போல வாய்வழியாகவே பரவியது. (தொல்காப்பியம் கண்ட மொழியின் எழுத்துமுறையைச் 'சிக்கலானது' என்று ஒரு பட்டியலின் அடியில் ஒதுக்கியிருந்தது கண்டு தமிழாசிரியர் என்ற முறையில் சினம் கொண்டோம். அப்பட்டியலே நமக்கு உதவிற்று என்பதால் சினத்தை அடக்கியும் கொண்டோம்.)

அடுத்த ஞாயிறு இரணியலுக்குப் போய் அவ்வாறே மாற்றினோம். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தோம். மேலே ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. பிறகு தமிழ் வந்தது. மங்கலான, சற்றே நசுங்கிய தமிழ். நனைந்து காய்ந்த செய்தித்தாளில் இருப்பது போல. ஆயினும் கொம்பு கொம்பிருக்கும் இடத்தில், கால் காலிருக்கும் இடத்தில். மாமா கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோய் வாய்விட்டு இரண்டு வரி வாசித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் விசையை அழுத்தி அழுத்திக் கீழே போய்க்கொண்டே இருந்தார். அத்தை கொண்டுவந்த காப்பி ஆறிப்போயிற்று.

அதன் நுட்பத்தை அவருக்கு விளக்க நேர்ந்தது, ஏனெனில் எதையும் விளங்காமல் கையாள்வது அவர் வழக்கமன்று. நாம் சொன்னது இது. வலைப்பக்கம் என்பது உண்மையில் பக்கமன்று. எதை எங்கே வைக்க வேண்டும், எந்த நிறம், எந்த அளவு என்ற குறிப்புகளின் தொகுப்பு. அக்குறிப்புகளைப் படித்து, கணக்கிட்டு, எழுத்தையும் படத்தையும் இடத்தில் வைத்துத் திரையில் காட்டுவது உலாவிக்குள் இருக்கும் பொறி. (பொறி என்னும் சொல் தமிழில் இயந்திரத்துக்கும் ஆகும், கண் முதலிய புலனுக்கும் ஆகும். இங்கே இரண்டும் பொருந்துகின்றன.) அந்தப் பொறி பெரியது; சிறு கைப்பேசியின் நினைவகம் அதைத் தாங்காது. நார்வேயின் ஓஸ்லோ நகரத்து ஓபரா நிறுவனம் 2005இல் தன் நாட்டில் வெள்ளோட்டம் பார்த்து, 2006 ஜனவரியில் உலகுக்கெல்லாம் திறந்துவிட்ட ஓபரா மினி இதற்கொரு மாற்று வழி கண்டது. பொறியைக் கைப்பேசியில் வைக்கவே இல்லை. அது நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. நாம் கேட்கும் பக்கத்தை அச்சேவையகம் வாங்கி, அங்கேயே அடுக்கி முடித்து, சுருக்கி, ஒரு தனி வடிவில் அனுப்பிவிடும். கைப்பேசி அதைப் பெற்றுத் திரையில் விரிப்பதோடு சரி. அளவு பத்திலொரு பங்காகக் குறைவதும் உண்டு. கைப்பேசியில் ஏறும் நிரலோ ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாது. தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசியா? கவலை இல்லை, எழுத்தையும் அங்கேயே படமாகத் தீட்டி அனுப்பிவிடுவார்கள். அதுதான் அந்தக் கடைசிப் பக்கத்து வித்தை.

மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பம் நாம நூலு வாங்கல்லே. பாவு போட்டு, நெஞ்சு, மடிச்ச துணியைத்தான் வாங்குதோம். தறி அவன் வீட்டுல இருக்கு."

அவ்வளவுதான். நாம் கால் மணி நேரம் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்தார். அதோடும் விடவில்லை. "அவன் தறியை நிறுத்தினா?" என்று கேட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் நூல் வராத மாதங்களைக் கண்டவர் அல்லவா.

குறைகளும் இருந்தன. வந்தது படம் என்பதால் எழுத்தை எடுத்து வேறெங்கும் ஒட்ட முடியாது. படவெழுத்தை முடுக்கினால் பக்கத்தின் எடை கூடும், காசும் கூடும். எல்லாவற்றிலும் பெரிது, நாம் பார்ப்பதையெல்லாம் இடையில் ஒருவர் பிரித்து அடுக்கித் தருகிறார் என்பது. பூட்டுப் போட்ட வங்கிப் பக்கமானாலும் பூட்டு அங்கே திறக்கப்பட்டே மறுபடி பூட்டப்படுகிறது. ஆதலால் ஓய்வூதியக் கணக்கை மட்டும் இதில் பார்க்க வேண்டா என்று மாமாவிடம் சொல்லிவைத்தோம். "அதுல பாக்கதுக்கு என்ன கெடக்கு" என்றார்.

சேவையகத்தில் இருந்து நெய்து தந்த அந்தப் பொறியின் பெயர் பிரெஸ்டோ. 2003இல் ஓபரா 7ஆம் பதிப்போடு வந்தது. அக்காலத்தில் இணையத்துக்குப் பல பொறிகள் இருந்தன: மைக்ரோசாஃப்டின் டிரைடெண்ட், மோசில்லாவின் கெக்கோ, ஆப்பிள் நிறுவனம் கே.டி.ஈ. குழுவின் கே.எச்.டி.எம்.எல். பொறியிலிருந்து பிரித்து வளர்த்த வெப்கிட். நோக்கியாவின் எஸ்60 வகைக் கைப்பேசிகளிலும் வெப்கிட்டே இருந்தது. இன்று அப்பன்மை இல்லை. 2013 பிப்ரவரியில், முப்பது கோடிப் பயனர்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஓபரா தன் பிரெஸ்டோவைக் கைவிட்டது. அவ்வாண்டே கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரித்த பிளிங்க் பொறிக்கு மாறியது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் அதே பொறிக்கு வந்தது. கணினியிலிருந்து விடைபெற்ற பின்னும் பிரெஸ்டோ ஓபரா மினியின் சேவையகங்களில் நெடுநாள் உழைத்தது என்பது மட்டும் நமக்கு ஆறுதல். மாமாவின் திரையில் நெசவு தொடர்ந்தது.

ஆப்பிளின் கைப்பேசிகளில் நிலைமை வேறு. எவர் உலாவி எழுதினாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. 2010 ஏப்ரலில் ஓபரா மினியை அவர்கள் அனுமதித்தபோது பலர் வியந்தனர். பொறி கைப்பேசியிலேயே இல்லை என்பதால் விதி மீறப்படவில்லை! ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து 2024இல் அந்நாடுகளுக்கு மட்டும் வேற்றுப் பொறிகளுக்கு வழிவிட்டார்கள். இயங்குதளம் புதுப்பிக்கப்படாத பழைய ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்க்கு, அந்தத் தளத்தோடு வந்த பொறி எந்த ஆண்டில் நின்றதோ அந்த ஆண்டிலேயே இணையமும் நின்றுவிடுகிறது.

மாமாவிடம் திரும்புவோம். 2014 சனவரி முதல் நாள் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்னும் பெயரில் நாவல் வரிசையாக நாள்தோறும் இணையத்தில் எழுதத் தொடங்கினார். நம் மாவட்டத்துக்காரர் எழுதுவதாயிற்றே என்று மாமாவிடம் சொன்னோம். அதன்பின் அவர் நாள் அதிலிருந்தே தொடங்கியது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல், போர்வைக்குள் அந்தத் தீப்பெட்டித் திரையை ஏந்தி ஓர் அத்தியாயம். ஒரு பக்கத்துக்கு விசையை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த உழைப்பு தெரியும். கீழ்நோக்கிய விசையில் அச்சடித்த குறி ஓராண்டில் தேய்ந்து அழிந்தது. ஏழு மணிக்கு நமக்கு அழைப்பு வரும். "வாசிச்சியாலே?" பெரும்பாலும் வாசித்திருக்க மாட்டோம். வகுப்பு, விடைத்தாள், குழந்தைகள். "வாசிக்கேன் மாமா" என்போம். அவர் கதை சொல்ல மாட்டார். "வாசி, வாசிச்சிட்டுப் பேசுவோம்" என்று வைத்துவிடுவார். பேசாமல் போன நாட்களே மிகுதி.

2017இல் தொடுதிரைக் கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். மாமாவின் விரல்கள் ஐம்பதாண்டு நூல் உரசி மரத்தவை; திரை அவற்றை விரலென்றே ஏற்க மறுத்தது. ஒரு வாரத்தில் அதை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பழையதற்கே மீண்டார். 2019 ஆவணியில் காலமானார். வெண்முரசு 2020 சூலையில், இருபத்தாறாவது நாவலோடு முடிந்தது.

இதுவரை சொன்னதில் நம் பங்கு நல்ல மருமகன் பங்கு போலத் தோன்றும். இனிச் சொல்வது அப்படியன்று.

2024ஆம் ஆண்டு. சங்க இலக்கியத் தாளுக்கான பாடக்குறிப்புகளை நாம் சொந்தமாக நடத்தும் ஒரு சிறு தளத்தில் ஏற்றி வைத்திருந்தோம். அதைப் படித்து ஒப்படைப்பு எழுதித் தர வேண்டும். இளங்கலை மாணவி ஒருத்தி, கடற்கரைக் கிராமத்துப் பெண், தரவில்லை. கேட்டதற்கு, "ஐயா, உங்க பக்கம் தொறக்கல்ல. பாதுகாப்பில்லன்னு வருது" என்றாள். மற்ற நாற்பத்தொரு பேருக்குத் திறக்கும் பக்கம் இவளுக்கு மட்டும் திறக்காதோ என்று வகுப்பில் வைத்தே கேட்டோம். சிலர் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு காரியமாக அவள் கைப்பேசியை வாங்கிப் பார்க்க நேர்ந்தது. அண்ணன் கடலுக்குக் கொண்டுபோய்ப் பழசாக்கித் தந்த ஆண்ட்ராய்டு 6 கைப்பேசி. மூலையில் திரை வெடித்திருந்தது. நம் தளத்தைத் திறந்தோம். 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதன்று' என்னும் எச்சரிக்கை. அவள் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது இது. பூட்டுள்ள தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அச்சான்றிதழுக்குப் பிணை நிற்கும் வேர்ச்சான்றுகளின் பட்டியல் கைப்பேசியின் இயங்குதளத்துக்குள் இருக்கிறது. இயங்குதளம் புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலும் பழசு. உலகில் பெருந்தொகையான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2020 நவம்பரிலேயே இதை எச்சரித்திருந்தது. அப்போது பயன்பாட்டிலிருந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 விழுக்காடு 7.1க்கு முற்பட்ட பதிப்புடையவை. அவற்றின் பட்டியலில் இவ்வமைப்பின் புதிய வேர் இல்லை. அவர்கள் தொடக்கத்தில் சார்ந்திருந்த பழைய வேர் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியாயிற்று. பழைய கருவிகளுக்காக வேறோர் ஏற்பாட்டின் மூலம் மேலும் மூன்றாண்டு காலம் தாக்குப்பிடிக்க வைத்தனர். அதுவும் 2024 செப்டம்பரில் முடிந்தது. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே படிப்படியாக விலக்கத் தொடங்கியிருந்தனர். இவற்றில் ஒன்றையும் அறியாமல் நாம் நம் தளத்தின் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். நம் கைப்பேசியில் திறந்தது. ஆகவே உலகெங்கும் திறக்கும் என்று நம்பினோம்.

அவ்வமைப்பே சொல்லியிருந்த மருந்து எளியது: ஃபயர்ஃபாக்ஸ் நிறுவுக. அவ்வுலாவி கைப்பேசியோடு வந்த பொறியை எதிர்பார்ப்பதில்லை. கெக்கோ என்னும் தன் பொறியைத் தானே சுமந்து வருகிறது, வேர்ச்சான்றுகளின் பட்டியலையும் தானே வைத்திருக்கிறது. அன்றைய நிலையில் ஆண்ட்ராய்டு 5 முதற்கொண்டு இயங்கியது. அவள் கைப்பேசியில் இடமே இல்லை. அண்ணன் எடுத்த மீன்பாடுப் படங்கள் சிலவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள். நிறுவித் திறந்தோம். குறுந்தொகைக் குறிப்புகள் வந்தன. "வந்துட்டு ஐயா" என்றாள். அவ்வளவே. குற்றம் சாட்டும் தொனி குரலில் இல்லை என்பதே நம்மை வருத்தியது.

மதிப்பெண்ணை மாற்ற முயன்றோம். பதிவேற்றும் கெடு முடிந்திருந்தது. கடிதம் எழுதினோம், உரிய படிவத்தில் எழுதவில்லை என்று திரும்பி வந்தது. உரிய படிவத்தில் எழுதினோம். காலம் கடந்தது என்று திரும்பி வந்தது. அந்த மூன்று அப்படியே இருக்கிறது. வகுப்பில் கேலி செய்ததற்கு வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் படிவம் தேவைப்படவில்லை.

ஃபயர்ஃபாக்ஸும் 2025இல் ஆண்ட்ராய்டு 5, 6, 7 ஆகியவற்றுக்கு விடைகொடுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவிகளுக்கு குரோமின் கதவு முன்பே சாத்தப்பட்டது. 7ஆம் பதிப்புக்கு 2023 இறுதியில். விசைப்பொத்தான் கைப்பேசிகளின் கதையும் இதுவே. ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தின் வழிவந்த கையோஸ், 2017இல் ஜியோஃபோன் வழியே இந்தியச் சிற்றூர்களுக்கெல்லாம் வந்தது. அதன் 2.5ஆம் பதிப்பின் உள்ளே இருந்த கெக்கோ 48 என்பது 2016இன் பொறி. அதன்பின் எழுதப்பட்ட வலைத்தளங்கள் ஒவ்வொன்றும் அதை விட்டு ஓரடி விலகியே சென்றன. மலிவு இணையம் என்று பலர் நாடிய யூசி உலாவி 2020 சூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் ஒன்று. ஆக, பழைய கருவி வைத்திருப்பவருக்கு மாற்றுப் பொறி என்பது நிரந்தர வீடன்று, ஒதுங்க ஒரு திண்ணை. மழை விடும்வரை நிற்கலாம்.

நம்மால் ஆனது ஒன்றுண்டு, அதைச் செய்தோம். தளத்தில் இருந்த நகரும் படங்கள், விரியும் பட்டிகள், கடன் வாங்கிய அலங்கார எழுத்துரு ஆகிய அனைத்தையும் களைந்தோம். தலைப்பு, பத்தி, அடுத்த பக்கத்துக்கு ஓர் இணைப்பு. இவ்வளவே. பூட்டில்லாமலும் வாசிக்க ஒரு வழி விட்டிருக்கிறோம். பாடக்குறிப்பில் மறைக்க என்ன இருக்கிறது? மதுரைத் திட்டத்தின் பக்கங்களைத் திறந்து பாருங்கள், அவை நெடுங்காலமாக இப்படித்தான் இருக்கின்றன. அவற்றின் எளிமையை அழகின்மை என்று ஒருகாலத்தில் நாமே எழுதியதுண்டு.

சென்ற மாதம் இரணியல் போயிருந்தோம். திருவனந்தபுரம் வண்டியில் வந்து இறங்கி, நிலையத்திலிருந்து நடந்தோம். அத்தை அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். "இது ஒங்க மாமாவுக்க சாமானம். ஒனக்கு வேணுமா, தூரப் போடட்டா?" என்று ஒரு துவர்த்துப் பொதியைத் தந்தார். உள்ளே அந்தக் கைப்பேசி. பாட்டரி உப்பியிருந்தது. திங்கள்சந்தையில் ஒரு கடையில் அதே அளவில் வேறு கிடைத்தது. கடைக்காரப் பையன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது மியூசியத்துல வைக்கக் கூடியது" என்றான்.

திண்ணையில் அமர்ந்து உயிரேற்றினோம். சிம் அட்டை இல்லை. ஓபரா மினியைத் திறந்தோம். வெறுமனே திறந்து நின்றது. சேமித்த பக்கங்கள் என்று ஒரு பகுதி அதில் உண்டென்பதை அன்றுதான் நினைவுகூர்ந்தோம். பன்னிரண்டு இருந்தன. பதினொன்று வெண்முரசின் அத்தியாயங்கள். ஒன்று, நம் பழைய வலைப்பதிவில் 2012இல் நாம் எழுதிய ஒரு கட்டுரை. இரணியல் தறிகளைப் பற்றியது, அவ்வளவு நன்றாக வந்ததென்று சொல்ல முடியாதது. அந்த வலைப்பதிவை வழங்கிய சேவை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. நம்மிடம் படியும் இல்லை.

திறந்தோம். இணைப்பு எதுவும் கேட்காமல் திறந்தது. நசுங்கிய, மங்கிய எழுத்துகள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில். வாசித்துக்கொண்டே கீழே போனோம். பாவுக்கு நூல் எண்ணுவதைப் பற்றிய பத்தியில் ஒரு தவறு இருந்தது, நாம் ஊடை என்று எழுத வேண்டிய இடத்தில் பாவு என்று எழுதியிருந்தோம். மாமா அதைக் கண்டிருப்பார். ஒருநாளும் சொன்னதில்லை.

"என்ன கெடக்கு அதுல?" என்று அத்தை உள்ளிருந்து கேட்டார்.

"நான் எழுதினது அத்தை."

"சத்தமா வாசி, கேக்கட்டு."

முதல் வரிக்குப் போக, குறி அழிந்த அந்த விசைக்கு மேலுள்ளதை இருபத்தேழு முறை அழுத்த வேண்டியிருந்தது.